தொப்புள் மட்டத்தில் எடுத்த படம்

நான் சட்டை தைக்கிறவள். ஈப்போ பக்கத்து ஜெலாப்பாங்கில் ஒரு துணித் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் காலர் பிரிவில் வேலை பார்த்தேன். எதிரே வந்து நிற்கிறவருக்குக் கழுத்து எத்தனை, இடுப்பு எத்தனை என்று டேப் வைக்காமலே சொல்லிவிடுவேன். அதனால் என் உடம்பில் ஏதோ கோளாறு என்று முதலில் தெரிந்துகொண்டது நான்தான். எண்பத்தாறாம் வருடத் தீபாவளிக்குத் தைத்த ரவிக்கையை அடுத்த பொங்கலுக்கு எடுத்துப் போட்டேன். கைகள் தொளதொளத்தன. கீழே கொக்கி எட்டவில்லை. பருத்தால் எல்லா இடமும் பருக்கும், இளைத்தால் எல்லா இடமும் இளைக்கும் என்பதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. கை இளைத்து வயிறு பெருக்கிற உடம்பை நான் யாருக்கும் அளந்ததில்லை.

என் பெயர் பத்மாவதி. வயது முப்பத்தெட்டு. பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு எல்லாரும் சிதறினோம். கல்யாணமானதும் நான் ஈப்போ சிலிபினுக்கு வந்துவிட்டேன். வீட்டுக்காரர் முனியாண்டி மர லோரி ஓட்டுகிறார். மகள் கௌரிக்குப் பத்து வயது. வீட்டுக்காரரின் அக்கா லெட்சுமியும் எங்களோடு இருக்கிறார். கணவரை இழந்தவர். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். நான் வேலைக்குப் போனதால் சமையல் முழுக்க அவர் பொறுப்பு. இந்த நான்கு பேர்தான் எங்கள் வீடு.

பொங்கல் முடிந்து இரண்டு மாதத்தில் என் முகம் உருண்டையாகிவிட்டது. கன்னம் சிவந்து பளபளத்தது. கழுத்துக்குப் பின்னால் ஒரு திரட்சி எழும்பியது. வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. தொழிற்சாலை பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். “எத்தனை மாசம்க்கா?” என்று கேட்காதவர்கள் இல்லை. நானே முதலில் அப்படித்தான் நம்பினேன். மாதவிலக்கு நின்றிருந்தது. கௌரிக்குப் பிறகு ஒன்றும் தங்கவில்லை என்ற குறை வீட்டில் இருந்ததால் அண்ணி ஒரு மாதம் என்னைக் குனியவிடவில்லை. மீன் குழம்பில் பெரிய துண்டு எனக்குத்தான். கிளினிக்கில் சிறுநீரைப் பரிசோதித்து “இல்லை” என்று சொன்ன நாளோடு அந்த உபசாரம் நின்றது.

“அப்ப வவுத்துல என்னா இருக்கு?” என்று கேட்டார் அண்ணி.

“கொழுப்புன்னு சொல்றாங்க. சோத்தைக் குறைக்கணுமாம்.”

 மறுநாளிலிருந்து அவர் என் தட்டில் எவ்வளவு சோறு விழுகிறது என்று பார்க்கத் தொடங்கினார்.

நான் உண்மையாகவே குறைத்தேன். காலையில் வெறும் தேநீர். மதியம் ஒரு கைப்பிடிச் சோறு, கீரை. இரவில் இரண்டு கிரீம் கிராக்கர் ரொட்டி. பசி தாங்காமல் தையல் மெஷினில் தலை சாய்ந்த நாட்கள் உண்டு. மாதம் ஒரு முறை கிளினிக்கில் எடை பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஏறியிருக்கும். அங்கிருந்த நர்ஸ் முள்ளைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். சொல்லாமலே சொல்லிவிடுவார்.

ஒருநாள் கௌரியின் பள்ளிப் பையில் அண்ணி பிஸ்கட் காகிதங்களைக் கண்டெடுத்தார். பிள்ளை கூட்டாளிகளோடு வாங்கித் தின்றது. அண்ணி அதை என் முன்னால் மேசையில் போட்டார்.

“சின்னப் புள்ளையைக் கடைக்கு அனுப்பித் திருட்டுத்தனமா வாங்கித் தின்னுறியா? பசிச்சா கேட்டுச் சாப்பிடேன். நான் என்னா வேணாம்னா சொல்லப் போறேன்?”

“நான் திங்கல அண்ணி. சத்தியமா திங்கல.”

“அப்ப காத்தைக் குடிச்சா இப்புடி ஊதுற?”

வீட்டுக்காரர் கதவோரம் நின்று சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் நிமிரவே இல்லை. வேலைக்குப் போய்விட்டார். சாயந்திரம் கேட்டேன், “நீங்களும் அப்படித்தான் நெனைக்கிறீங்களா?” என்று.

“நான் ஒண்ணும் சொல்லலையே, பத்மா.”

அவர் ஒன்றும் சொல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை. அண்ணி திட்டியதை மறந்துவிட்டேன். இதை மறக்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் ஒரு காலை நேரம், குளியலறையில் துணி துவைக்கக் குந்தியவளால் எழ முடியவில்லை. வலி இல்லை. தொடையில் பலமே இல்லை. சுவரைப் பிடித்துப் பார்த்தேன், வாளியைப் பிடித்துப் பார்த்தேன். கடைசியில் கௌரி வந்து இரண்டு கையாலும் இழுத்தாள். இழுத்த இடத்தில், மணிக்கட்டுக்கு மேலே, அவள் விரல்கள் பட்ட அச்சு அப்படியே கருநீலமாகக் கன்றிப் போனது. பிள்ளை அதைப் பார்த்துப் பயந்து அழுதாள். அன்றைக்குத்தான் வீட்டுக்காரர் லோரியை எடுக்காமல் என்னை ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

வெளிநோயாளிகள் கூடத்தில் மர பெஞ்சுகள். எண் கூப்பிடும்வரை உட்கார வேண்டும். முதலில் உணவு ஆலோசனை தருகிற மலாய் அம்மாவிடம் அனுப்பினார்கள். அவர் கையில் இடுக்கி மாதிரி ஒரு கருவி வைத்திருந்தார். மேல்கையின் பின்புறத் தோலைக் கிள்ளிப் பிடித்து, அந்த மடிப்பின் தடிப்பை அதனால் அளப்பார். தோலுக்குக் கீழே எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று அதில் தெரியுமாம். என் கையை அளந்தார். எழுதிவிட்டு மறுபடியும் அளந்தார்.

“பெலிக். தங்கான் குருஸ்,” என்றார். விசித்திரமாக இருக்கிறது, கை ஒல்லி என்று அர்த்தம்.

“சோறு சாப்பிடுவதில்லை, புவான்,” என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்.

அவர் என் வயிற்றைப் பார்த்தார். திட்டவில்லை. எழுந்து போய் ஒரு டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மா மட்டும் என்ன சாப்பிடலாம் என்ற வழக்கமான தாளைக் கொடுத்து அனுப்பியிருந்தால் நான் இன்னும் சில மாதம் பட்டினி கிடந்திருப்பேன்.

வந்தவர் டாக்டர் சிவபாலன். யாழ்ப்பாணத் தமிழர், இளவயது. நாற்காலியில் உட்காரச் சொல்லி, கையை ஊன்றாமல் எழச் சொன்னார். முடியவில்லை. வயிற்றில் ஊதாநிறத்தில் அகலமான கோடுகள் ஓடியிருந்தன. அவற்றை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“உங்கட பழைய படம் ஏதும் இருக்குதா அம்மா?”

என்னிடம் அடையாள அட்டைதான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அதிலுள்ள முகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். “இது உண்டு கொழுத்த முகம் இல்லை. வேற ஏதோ நடக்குது. வார்டில் சேருங்கோ.”

இரண்டாம் வகுப்பு இல்லை, மூன்றாம் வகுப்பு வார்டு. நீளமான கூடம், இரு வரிசையாகக் கட்டில்கள். ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரையெல்லாம் பெரிய பிளாஸ்டிக் ஜாடியில் சேர்த்து வைக்கச் சொன்னார்கள். இரவு ஒரு மாத்திரை கொடுத்துக் காலையில் இரத்தம் எடுத்தார்கள். இவை எதற்கு என்று டாக்டர் சிவபாலன் எனக்குப் புரியும்படி சொன்னார். இரண்டு சிறுநீரகங்களுக்கும் மேலே தொப்பி வைத்தாற்போல் ஒவ்வொரு சுரப்பி இருக்கிறது. அது ஒரு சாற்றைச் சுரக்கிறது. அளவாகச் சுரந்தால் உயிருக்கு நல்லது. அளவு மீறினால் கை கால் சதையைக் கரைத்துவிடும், எலும்பைக் கரைத்துவிடும், கொழுப்பை மட்டும் முகத்திலும் வயிற்றிலும் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்த மாத்திரை கொடுத்தால் நல்ல சுரப்பி அடங்க வேண்டும். என்னுடையது அடங்கவில்லை.

“அப்ப நான் சாப்பிட்டதால இல்லையா?”

“நீங்கள் சாப்பிடாமல் இருந்தது தப்பு. சாப்பிட்டது தப்பில்லை.”

அடுத்து எந்தப் பக்கச் சுரப்பி, ஏன் என்று பார்க்க வேண்டும். அதற்கு உடம்பைக் குறுக்கே அறுத்துப் பார்ப்பதுபோல் படம் எடுக்கிற ஸ்கேன் இயந்திரம் வேண்டும். என்னைக் கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். வீட்டுக்காரர் தன் முதலாளி தவுக்கேயிடம் மூன்று நாள் லீவு கேட்டு என்னோடு பஸ்ஸில் வந்தார். தாப்பா, சிலிம் ரிவர் என்று ஊர் ஊராக நின்று போனது. சாலைக் குழியில் பஸ் குதித்தபோதெல்லாம் என் முதுகெலும்பில் சுளீர் என்றது. அவர் தன் ஜாக்கெட்டை மடித்து என் முதுகுக்குப் பின்னால் வைத்தார்.

ஸ்கேன் அறை ஐஸ் பெட்டிபோல் குளிர்ந்தது. சுவரளவு பெரிய வளையம், நடுவில் ஓட்டை, அதற்குள் போய்வருகிற குறுகிய பலகை. முதல்நாள் சாயந்திரமே ஒரு வெள்ளைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்திருந்தார்கள். கை நரம்பில் ஊசி மருந்து ஏற்றியதும் உடம்பு முழுக்கச் சூடு பரவியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல், “தாரிக் நஃபாஸ்… தாஹான்,” என்றது. மூச்சை இழு, பிடித்துக்கொள். இயந்திரம் உறுமும். பலகை ஒரு விரல் அளவு நகரும். மறுபடியும் இழு, பிடி. எத்தனை முறை என்று எண்ணவில்லை. பல் கிட்டித்தது.

முடிந்தது என்று நினைத்தபோது ஒரு சீன டாக்டரம்மா உள்ளே வந்தார். ஸ்கேன் படத்தை வைத்து உடம்பில் கொழுப்பு எவ்வளவு, சதை எவ்வளவு என்று அளக்கிற ஆராய்ச்சி செய்கிறாராம். எனக்குச் சம்மதமென்றால் தொப்புள் மட்டத்தில் ஒன்று, தொடையில் ஒன்று, இரண்டு படம் கூடுதலாக எடுப்பேன் என்று கேட்டார். சரி என்றேன். தொழிலில் இருக்கிறவள் நான். அளவு எடுக்க வேண்டாம் என்று யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் காலை அவர் எங்கள் இருவரையும் அழைத்து, விளக்குப் பெட்டியில் படங்களை மாட்டிக் காட்டினார். எலும்பு வெள்ளை. சதை சாம்பல். கொழுப்பு கறுப்பு. தொப்புள் மட்டத்துப் படம் நீள்வட்டமாக இருந்தது. ஓரத்தில், தோலுக்குக் கீழே, கறுப்பு மெல்லிய கரையாக ஓடியது. சாதாரணமாக உண்டு பருத்த பெண்களுக்கு அந்தக் கரைதான் தடியாக இருக்குமாம். எனக்கு உள்ளே, குடலைச் சுற்றி, கறுப்பு அடைத்துக் கிடந்தது. குடல் அதில் மிதந்தது. கம்ப்யூட்டர் கறுப்புப் புள்ளிகளை எண்ணி, வெளிக்கொழுப்பு இவ்வளவு, உள்கொழுப்பு இவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லும் என்றார். தொடைப் படத்தில் சதை சுருங்கிக் கிழிந்த வலைபோல் இருந்தது.

“திஸ் இஸ் நோட் ஃப்ரம் ஈட்டிங்,” என்றார். வீட்டுக்காரருக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியும்.

அவர் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல், “ஒரு வருசமா பட்டினி கெடந்திருக்க,” என்றார்.  லோரி ஓட்டுகிற மனுஷன், மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார்.

என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக உணர்ந்தது அந்தச் சில நிமிடங்கள்தான். நான் பொய் சொல்லவில்லை என்று ஒரு இயந்திரம் சாட்சி சொல்லிவிட்டது. என் பேச்சுக்கு மேல் வேறு ஒருவர் பேச்சு இனி எடுபடாது. அந்த அம்மா அடுத்த படத்தை மாட்டியபோதும் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அதில் இடது சிறுநீரகத்துக்கு மேலே ஒரு கட்டி. பெரிய மங்குஸ்தீன் பழத்தைவிடப் பெரிது. ஓரம் ஒழுங்காக இல்லை. அதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. உங்கள் டாக்டர் சொல்வார் என்றார்.

வீட்டுக்காரர் வீட்டில் என்ன சொன்னாரோ, இரண்டு நாள் கழித்து அண்ணி தனியாகப் பஸ் ஏறி ஈப்போ வார்டுக்கு வந்தார். அதுவரை அவர் ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை. அவர் கணவர் செத்தது அங்கேதான். என்னிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. “தலை சிக்குப் புடிச்சுக் கெடக்கு பாரு,” என்றார். தலைக்கு மேலே கையைத் தூக்கிச் சீவ எனக்குப் பலமில்லை. வார்டுக் குளியலறையில் ஸ்டூலில் உட்கார வைத்து, குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றி, சீயக்காய் தேய்த்து அலசினார். முடி கொத்தாகக் கையோடு வந்தது. அதை எனக்குக் காட்டாமல் சுருட்டித் தன் முந்தானையில் முடிந்துகொண்டதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

அறுவை சிகிச்சை நடந்தது. விலாவுக்குக் கீழே நீளமாக அறுத்துக் கட்டியை எடுத்தார்கள். புண் ஆற இரண்டு மாதமானது. அந்த நோயில் தோல் சீக்கிரம் ஒட்டாதாம். மற்றச் சுரப்பி தூங்கிப் போயிருந்ததால் அது விழிக்கும்வரை தினமும் மாத்திரை. கட்டியைப் பரிசோதித்த தாள் வந்தபோது டாக்டர் சிவபாலன் என் கட்டிலில் உட்கார்ந்து சொன்னார். புற்றுநோய். முழுதாக எடுத்ததாகத்தான் தெரிகிறது. பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பார்த்துக்கொண்டிருந்த அந்த ஆறு மாதம் வீட்டில் திருவிழாபோல் இருந்தது. முகம் வற்றி, என் பழைய தாடை வெளியே வந்தது. வாரம் ஒரு முறை டேப்பை எடுத்து இடுப்பை அளப்பேன். குறையும். கௌரி நோட்டில் எழுதிக்கொள்வாள். கழுத்துத் திரட்சி கரைந்தது. குந்தி எழ முடிந்த அன்றைக்கு அண்ணி பாயாசம் வைத்தார்.

இரண்டாவது ஸ்கேனுக்குக் கோலாலம்பூர் போனபோது நான் புது ரவிக்கை போட்டுக்கொண்டு போனேன். அதே சீன டாக்டரம்மா தொப்புள் மட்டத்துப் படத்தைப் பழைய படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். உள்ளே அடைத்திருந்த கறுப்பில் பாதிகூட இல்லை. குடல் குடலாகத் தெரிந்தது. வீட்டுக்காரர் சந்தோஷத்தில், “தேங்க்யூ டாக்டர், தேங்க்யூ,” என்று கும்பிட்டார். அந்த அம்மா அவரைத் தடுக்கவில்லை. ஆனால் தொப்புளுக்கு மேலே எடுத்த படங்களை மாட்டவே இல்லை. உறைக்குள் வைத்து ஒட்டிக் கையில் கொடுத்தார்.

ஈப்போவில் உறையைப் பிரித்த டாக்டர் சிவபாலன் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வீட்டுக்காரரும் வரட்டும் என்றேன். ஈரலில் மூன்று புள்ளிகள். சின்னவைதான்.

“வெட்டி எடுக்கலாமா?”

“மூண்டு இடத்தில் இருக்குது அம்மா. வெட்டினால் பிரயோசனம் இல்லை.”

வெளிநாட்டு மாத்திரை ஒன்றை வரவழைத்துக் கொடுத்தார்கள். மூன்று வாரம் தின்றேன். தண்ணீர் குடித்தாலும் வாந்தி. நடந்தால் சுவர் சாய்ந்தது. நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதில் கொடுக்க வேறொன்று இல்லை.

இந்த முறை உடம்பு ஒழுங்காக இளைக்கிறது. கை, கால், வயிறு, முகம், எல்லாம் சேர்ந்து. பார்க்கிறவர்கள் சந்தோஷப்படுகிறார்கள். போன மாதம் மார்க்கெட்டில் பழைய காலர் பிரிவுக் கூட்டாளி ஒருத்தி ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“பத்மா! எவ்ளோ அழகா எளச்சிட்ட! என்னா பண்ணேன்னு எனக்கும் சொல்லுலா.”

அவள் முகத்தில் அவ்வளவு ஆசை. என்ன சொல்ல? “சோத்தைக் குறைச்சேன்,” என்றேன். அவள் நம்பினாள். உண்மையைச் சொன்ன ஒரு வருடம் முழுக்க ஒருவரும் நம்பாததை, பொய்யாகச் சொன்னபோது உடனே நம்பினாள்.

வீட்டில் எல்லாருக்கும் தெரியும், கௌரியைத் தவிர. அவள் இன்னும் நோட்டைக் கொண்டுவந்து நிற்கிறாள். அளவு குறையக் குறையக் கைதட்டுகிறாள். போன வாரம் டேப்பைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாரும் எழுதி வைத்துவிட்டுப் போகவும் இல்லை.

சென்ற வாரம் டாக்டர் சிவபாலன் மூன்றாவது ஸ்கேனுக்குத் தேதி எழுதினார். வியாழக்கிழமை.

“எதுக்கு டாக்டர்?” என்று கேட்டேன்.

“எவ்வளவு வளர்ந்திருக்குது எண்டு பார்க்க.”

“பாத்துட்டா ஏதாவது செய்ய முடியுமா?”

அவர் பேனாவின் மூடியைத் திறந்து மூடினார். நல்ல மனுஷன். பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. “ஏலாது அம்மா,” என்றார்.

நேற்று மாலை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் குளித்துவிட்டு ஈரத்தலையோடு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, நான் படம் எடுக்கப் போகல. போதும்.”

கோப்பையைக் கீழே வைத்தார். என்னைத் திட்டுவார், கெஞ்சுவார் என்று எதிர்பார்த்தேன். அவர், “தவுக்கேகிட்ட லீவு சொல்லிட்டேனே,” என்றார்.

“லீவு இருக்கட்டும்.”

“அன்னிக்கி என்னா பண்றது?”

“வீட்டுல இருப்போம். நீங்களும் நானும்.”

“நாள் முழுக்கவா?”

“நாள் முழுக்க.”

கல்யாணமாகிப் பதின்மூன்று வருடம். விடியுமுன் அவர் லோரிக்குப் போவார், நான் தொழிற்சாலை பஸ்ஸுக்கு ஓடுவேன். ஒரு சாதாரண நாளின் பகல் முழுவதையும் நாங்கள் இருவரும் வீட்டில் சேர்ந்து கழித்ததே இல்லை. என்ன செய்வார்கள் அப்படி இருக்கிறவர்கள் என்று எனக்கும் தெரியாது.

“சரி,” என்றார்.

வியாழக்கிழமை நாளை மறுநாள்.